புதுப் பேடுகளைப் பெட்டிக்குப் பழக்குவது எப்படி?

நோன்பு மாதம் நெருங்கும்போது முட்டைக்கு ஏற்படும் கிராக்கியை வியாபாரிகளுக்கு விளக்கத் தேவையில்லை. வட்டிலாப்பம் இல்லாத பெருநாள் எமது வீடுகளில் ஏது? 2022 ஆகஸ்ட்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என அரசாங்கம் உச்ச விலை விதித்தது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யவேண்டி வந்தது. அந்த வருட நோன்பும் அதே மாத இறுதியில்தான் ஆரம்பமானது.

கரைத்தீவு போன்ற களப்போரக் கிராமங்களில் வீட்டு முற்றத்தில் 20, 30 பேடுகளை வளர்த்து முட்டை விற்பது பெண்களுக்கும் ஏற்ற சுயதொழிலாகும். ஆனால் குஞ்சுக்கும் தீனிக்கும் கணக்குப் பார்க்கும் பலர், முட்டை எங்கே விழுகிறது என்று பார்ப்பதில்லை. 30 பேடுகளில் நாளொன்றுக்கு 20 முட்டை கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 4 முட்டை எச்சத்திலும் மண்ணிலும் விழுந்தால் மாதம் 120 முட்டை. அவற்றில் சில உடையும், சிலவற்றைக் கோழியே கொத்திக் குடிக்கும். ஒருமுறை ருசி கண்ட கோழியைத் திருத்துவது லேசான காரியமல்ல. எஞ்சியதைக் கழுவி விற்கலாம் என்றால், முட்டை ஓட்டின் மேலுள்ள இயற்கையான மெல்லிய படலம் கழுவும்போது போய்விடுகிறது. பிறகு கிருமி உள்ளே போவது சுலபம். கடைக்காரர் தயங்குவது நியாயமே.

இவ்வளவு நட்டத்தையும் தடுக்கத் தேவைப்படுவது சில பலகைகளும், பேடு முட்டையிடத் தொடங்கும் முதல் மூன்று வாரங்களில் கொஞ்சம் பொறுமையும்தான்.

முதலில் தூங்கும் இடத்தைப் பார்ப்போம். வீட்டுக் கோழியின் மூதாதை காட்டுக்கோழி. இருட்டியதும் மரக்கிளையில் ஏறி அடைவது அதன் சுபாவம். பக்கத்து வில்பத்துக் காட்டிலுள்ள எமது தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழியும் அப்படித்தான். ஆனால் வெறுந்தரையில் வளர்க்கப்பட்ட குஞ்சுக்கு ஏறவும் இறங்கவும் பழக்கம் வருவதில்லை. உயரத்துக்குத் தாவத் தெரியாத பேடு உயரத்திலுள்ள முட்டைப் பெட்டிக்கும் போகாது. 1999இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வொன்று, நான்கு வார வயதுக்குள் கம்பு பழகிய கோழிகளிடம் தரை முட்டை குறைவு என்று கண்டது. எனவே நான்காம் வாரத்துக்குள்ளேயே ஒரு அடி உயரத்தில் ஒரு கம்பைக் கட்டிவிடுங்கள். வளர வளர இரண்டரை, மூன்று அடிக்கு உயர்த்தலாம். இரண்டு அங்குல அகலம், கூர்மையற்ற ஓரம், கோழி ஒன்றுக்கு எட்டு அங்குல இடம். அது போதும். மஃரிபுக்குப் பின் தரையில் ஒடுங்கிக் கிடப்பவற்றைக் கையால் தூக்கிக் கம்பில் வைத்தால் சில இரவுகளில் தாமாகவே ஏறும்.

கம்பு எப்போதும் பெட்டியைவிட உயரமாக இருக்க வேண்டும். கோழி தேடுவது மிக உயர்ந்த இடத்தையே. பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே தூங்கும், தூங்கும் இடத்திலேயே எச்சமிடும், காலையில் முட்டையும் அதற்குள்ளேயே விழும்.

பெட்டிகளை 16 வார வயதில், அதாவது முதல் முட்டைக்கு முன்பே, வைத்துவிட வேண்டும். நான்கு, ஐந்து பேடுகளுக்கு ஒரு பெட்டி. நீள அகல உயரம் ஒவ்வொரு அடி. உள்ளே போட்டது சிந்தாதிருக்க முன்பக்கம் நான்கு அங்குலத் தடுப்பு. பழைய மீன் பெட்டியும் போதுமானதே. ஆனால் நாற்றம் போகக் கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் எறும்பும் கீரியும் விருந்துக்கு வரும். உள்ளே வைக்கோல் அல்லது உமி. வாசலில் பாதி மறையச் சாக்குத் துண்டொன்றைத் தொங்கவிடுங்கள். முட்டையிடும் கோழிக்கு இருட்டும் மறைவும் வேண்டும். எமது கரையோரத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று பலமாக வீசுவதால் பெட்டியின் வாசல் அந்தத் திசையைப் பார்க்காதிருப்பது நல்லது. காற்றும் மண்ணும் அடிக்கும் பெட்டியைப் பேடு விரும்பாது.

ஆரம்பத்தில் பெட்டிகளைத் தரையிலேயே வையுங்கள். பழகிய பின் சிறிது சிறிதாக ஒன்றரை அடிக்கு உயர்த்துங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிங்பொங் பந்தையோ வழவழப்பான வெள்ளைக் கல்லையோ போட்டுவைத்தால், இங்கே ஏற்கெனவே ஒருத்தி முட்டையிட்டிருக்கிறாள் என்று புதுப் பேடு நினைத்துக்கொள்ளும்.

பூ சிவந்து, நாம் கிட்டப் போகும்போது பேடு பதுங்கினால் முட்டை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். இனிவரும் மூன்று வாரங்களே முக்கியம். பெரும்பாலான முட்டைகள் காலையிலேயே விழுவதால் பத்து மணி வரை கோழிகளை வெளியே விடாதீர்கள். அந்நேரத்துக்குள் மூன்று, நான்கு தடவை போய்த் தரை முட்டைகளைப் பொறுக்கிவிடுங்கள். கிடக்கும் முட்டை அடுத்த பேட்டையும் அங்கே அழைக்கும். இருட்டு மூலைகளில் செங்கல் அடுக்கி அடைத்துவிடுங்கள். தரையில் உமியை மெல்லியதாகவும் பெட்டியில் தடிப்பாகவும் போடுங்கள். மூலையில் குந்தியிருக்கும் பேட்டை விரட்டாமல், மெதுவாகத் தூக்கிப் பெட்டிக்குள் விடுங்கள். பேடு பழகிய இடத்தை எளிதில் மாற்றாது. நல்ல இடமானாலும் சரி, கெட்ட இடமானாலும் சரி. பின்னேரம் பெட்டி வாசலை மூடி, சுபஹுக்கு முன் திறந்துவிட்டால் இரவில் உள்ளே தூங்கும் பழக்கமும் வராது.

இதில் வியாபாரிகளுக்கும் வேலையுண்டு. சுத்தமான முட்டைக்கும் கழுவிய முட்டைக்கும் ஒரே விலை கொடுத்தால் வளர்ப்பவர் ஏன் சிரமப்பட வேண்டும்? சிறிது வித்தியாசம் வைத்து வாங்குங்கள், ஒரே மாதத்தில் பெட்டிகள் முளைக்கும். குஞ்சு வாங்கி 16 வாரம் வளர்த்து விற்பவர்களுக்கோ இது தனிச் சந்தை. கம்பு பழகிய பேடு என்று சொல்லி விற்கலாம். பேடு வாங்குபவரும் வயதையும் தடுப்பூசியையும் கேட்பதுபோல் அதையும் கேட்க வேண்டும். மாலையில் போய்ப் பார்த்தால் பதில் கண்ணுக்கே தெரியும்.

பெருநாள் சந்தையை நினைத்துத் தொடங்குபவர்கள் காலத்தையும் கணக்கிட வேண்டும். ஒரு நாள் குஞ்சு முட்டையிட 20 வாரங்களளவில் ஆகும். ஆரம்ப முட்டைகள் சிறியவை. பழக்கும் நாட்களையும் சேர்த்தால் நோன்புக்கு ஆறு மாதங்களுக்கு முன் குஞ்சு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நோன்பு வருடாவருடம் பத்து, பதினொரு நாட்கள் முந்தி வருவதால் குஞ்சு வாங்கும் திகதியையும் அவ்வாறே முன்னுக்குத் தள்ளுங்கள்.