முதலில் காது, பிறகு விரல்

அரபு மரபிசையைக் கற்பிக்கும் இசைக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வு ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் பொதுவாக, ஊத் அல்லது கானூன் என்னும் நரம்பிசைக் கருவியோடு தேர்வுக் குழுவின் முன் உட்காரும் மாணவர், யாரோ இயற்றிய ஓர் உருப்படியைப் பிசகில்லாமல் வாசிக்க வேண்டும். தாளக்கட்டு இல்லாமல் அந்த இடத்திலேயே கற்பனையாக விரியும் ‘தக்சீம்’ ஒன்றையும் வாசிக்க வேண்டும். குழுவில் ஒருவர் வாசித்துக் காட்டினால், அது எந்த மகாம் என்று சொல்லவோ திருப்பிப் பாடவோ தெரிந்திருப்பதும் நல்லது. மகாமை நம் ராகத்துக்கும் தக்சீமை ஆலாபனைக்கும் உறவு என்று வைத்துக்கொண்டால் விஷயம் பிடிபடும். தயாரிப்புக் காலத்தின் பெரும்பகுதியை உருப்படியின் சுரத்தாளுக்கே கொடுக்கத் தோன்றும். அது கையில் இருக்கிறது, பக்கம் பக்கமாக முடிக்கலாம், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இந்த வரிசை தலைகீழ் என்பதே என் வாதம். கேட்பதற்கும் பாடுவதற்கும்தான் முதலிடம். தாள் அதற்குப் பிறகு.

காரணம் சுரத்திலேயே இருக்கிறது. ‘ராஸ்த்’ மகாம் ‘தோ’விலிருந்து கிளம்புகிறது, ‘பயாத்தி’ ‘ரே’யிலிருந்து. இரண்டிலும் வரும் ‘மி’ முழுதாகவும் நிற்காது, அரைச் சுரம் இறங்கியும் நிற்காது. நடுவில் எங்கோ நிற்கும். தாளில் இரண்டுக்கும் ஒரே குறிதான். ஆனால் தேர்ந்தவர்கள் ராஸ்தின் ‘மி’யைச் சற்று உயர்த்தியும் பயாத்தியின் ‘மி’யைச் சற்றுத் தாழ்த்தியும் வாசிப்பார்கள். ஊத்தில் மெட்டுகள் கிடையாது; விரல் எங்கே விழ வேண்டும் என்று சொல்ல காதை விட்டால் வேறு வழியில்லை. 1932இல் எகிப்து மன்னர் ஃபுவாத் ஆதரவில் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாடு இதே சிக்கலில் மாட்டிக்கொண்டது. பேலா பார்டோக், பால் ஹிண்டமித் போன்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் வந்திருந்த அந்த மாநாட்டில், ஸ்தாயியை 24 சமமான கால் சுரங்களாகப் பிரிக்கலாமா என்று நிபுணர்கள் மோதிக்கொண்டார்கள். ஒருமித்த முடிவு கிடைக்கவில்லை. அறிஞர் கூட்டமே தாளில் அடைக்க முடியாமல் விட்டதை, ஒரு மாணவர் தாளிலிருந்து எடுத்துவிடுவார் என்று நம்புவதற்கில்லை.

தக்சீமை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். மகாம் என்பது ஏறி இறங்கும் சுர வரிசை மட்டுமல்ல. மூன்று, நான்கு அல்லது ஐந்து சுரம் கொண்ட ‘ஜின்ஸ்’ என்னும் சிறு கூறுகள் சேர்ந்து அது உருவாகிறது. கீழ்க்கூறில் நின்று நிதானித்து, மேற்கூறுக்கு ஏறி, வழியில் உறவுள்ள வேறு மகாமுக்குள் எட்டிப்பார்த்து, ‘கஃப்லா’ என்ற முத்தாய்ப்போடு வீடு திரும்ப வேண்டும். ஒரு தக்சீமை நெட்டுருப் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். பழைய மேதைகளின் தக்சீம்களை மனப்பாடம் செய்வது உண்மையிலேயே நல்ல பயிற்சி. கஃப்லாக்கள் ரத்தத்தில் ஊற வேறு குறுக்குவழி கிடையாது. ஆனால் தேர்வு நாளன்று, “பயாத்தி போதும், இப்போது ஹிஜாஸ் மகாமுக்குப் போய்விட்டு வாருங்கள்” என்று குழு கேட்டால், நெட்டுருப் போட்டவரின் கை அங்கேயே நின்றுவிடும்.

இன்னொரு மறுப்பை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. காது வீட்டில் வளர்கிறது. இசைக் குடும்பத்தில் பிறந்தவருக்கே இந்தத் தேர்வு சாதகம். தாள்தான் எல்லோருக்கும் பொது என்பார்கள். இதற்குச் சான்றும் உண்டு. பாடகரான தந்தையிடம் கற்று வளர்ந்த ரியாத் அல்-சுன்பாத்தி, கெய்ரோவின் அரபு இசைக் கழகத்தில் மாணவராகச் சேரப் போனார். தேர்வுக் குழுவோ அவரை ஆசிரியராகவே அமர்த்தியது என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பின்னாளில் பாடகி உம் குல்தூமுக்கு ‘அல்-அத்லால்’ பாடலை இசையமைத்தவர் அவர். எல்லோருக்கும் அப்படி ஒரு தந்தை வாய்ப்பதில்லைதான். ஆனால் அன்று வீட்டுக்குள் மட்டுமே கிடைத்தது இன்று பதிவுகளில் கிடைக்கிறது. 1932 மாநாட்டில் பதிவானவற்றை பிரான்ஸின் தேசிய நூலகம் 18 குறுந்தகடுகளாக வெளியிட்டிருக்கிறது. லெபனானின் அமார் அறக்கட்டளை பழைய இசைத்தட்டுகளைச் சேகரித்துக் காக்கிறது. பொதுவானது தாள் மட்டும் என்ற காலம் போய்விட்டது.

தாளே வேண்டாம் என்பதல்ல. பத்து அட்சரத்தில் ஓடும் சமாஈ உருப்படி ஒன்றை, அதாவது ‘கானா’ என்னும் பகுதிகள் நான்கும் ஒவ்வொன்றின் பின்னும் திரும்பி வரும் ‘தஸ்லீம்’ பல்லவியும் சேர்ந்ததை, ஒழுங்காக நினைவில் வைக்கத் தாள் உதவும். நான்காம் கானாவில் தாளம் மாறுமிடத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்வதும் நல்லதுதான். இப்ராஹிம் அல்-அர்யானின் பயாத்தி சமாஈயை எடுக்கிறவர், முதலில் சில வாரம் அதைக் கேட்டு, வாயால் பாடி, கையால் தாளம் தட்டிவிட்டுத் தாளைத் திறக்கட்டும். தினமும் ஒரே மகாமில் சின்னஞ்சிறு தக்சீம் ஒன்றை வாசித்துப் பதிவு செய்து, தானே கேட்கட்டும். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். தேர்வுக் குழுக்களிடமும் ஒரு வேண்டுகோள்: உருப்படியைப் பிறகு கேளுங்கள், தக்சீமை முதலில் கேளுங்கள். நீங்கள் எதை முதலில் கேட்பீர்களோ அதைத்தான் மாணவர்கள் முதலில் தயார் செய்வார்கள்.