கிருபை ஒரு பிளகினா?

பைபிள் வாசிப்பு ஆப்பில் 41 நாள் விடாம டிக் அடிச்சிருந்தேன். 42ஆம் நாள் ராத்திரி ஆபீஸ்ல ரிலீஸ், மறந்துட்டேன். எண்ணிக்கை திரும்பப் பூஜ்யம். அன்னைக்கு எனக்கு வந்த வருத்தம் கடவுளைப் பத்தி இல்ல, அந்த நம்பரைப் பத்தி. அது கொஞ்சம் பயமாவே இருந்துச்சு. ஆவிக்குரிய வளர்ச்சி என் உழைப்பா, கடவுள் தருவதா?

இது 1,600 வருஷப் பழைய சண்டை. ஒரு பக்கம் பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த பெலாகியுஸ். இன்னொரு பக்கம் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர பிஷப் அகஸ்டின். அகஸ்டின் தன் 'கன்ஃபெஷன்ஸ்' நூலில், கடவுள் எதைக் கேட்கிறாரோ அதைச் செய்கிற பலத்தையும் அவரிடமே கேட்டு ஜெபிச்சிருப்பார். ரோமில் ஒருத்தர் இதை எடுத்துச் சொன்னப்போ பெலாகியுஸ் கடுப்பாகிட்டார்.

அவரை வில்லனாக்க வேண்டாம். பேருக்குக் கிறிஸ்தவர்களா இருந்தவங்களைப் பார்த்து நொந்துபோனவர் அவர். எல்லாத்தையும் கடவுள் தலையில் போட்டுட்டா யார் திருந்துவாங்க? நியாயமான கேள்விதானே. சுமார் 413இல், துறவு வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்த டெமெட்ரியாஸ் என்ற பணக்கார வீட்டு இளம்பெண்ணுக்கு அவர் நீளமா ஒரு கடிதம் எழுதினார். குடும்பச் சொத்து அடுத்தவங்க தந்தது, ஆன்மிகச் செல்வத்தை உனக்கு நீ மட்டும்தான் தர முடியும் என்பது அதில் ஒரு கருத்து. செம மோட்டிவேஷன், இல்ல? அகஸ்டினுக்கு அங்கேதான் இடிச்சது. அதைச் சுட்டிக்காட்டி அவளோட அம்மாவுக்கே கடிதம் போட்டார்.

418இல் கார்த்தேஜில் கூடிய பிஷப்புகள் விஷயத்தை இன்னும் கூர்மையாக்கினாங்க. கிருபை இல்லாமலும் கட்டளைகளைக் கடைப்பிடிக்கலாம், இருந்தா இன்னும் ஈசி, அவ்வளவுதான் என்பதை அவங்க ஏத்துக்கல. யோவான் 15இல் திராட்சைச் செடியையும் கொடியையும் பத்திப் பேசும் இயேசு, தான் இல்லாட்டி 'கஷ்டம்'னு சொல்லல. எதுவுமே ஆகாதுன்னுதான் சொல்றார். நம்ம பாஷையில், கிருபை வேகத்தைக் கூட்டுற பிளகின் இல்ல, கரண்ட்.

அப்போ சும்மா படுத்துக்கலாமா? ஹட்ருமேட்டம் மடத்துத் துறவிகள் சிலருக்கும் இதே டவுட். எல்லாம் கிருபைன்னா, தப்பு பண்ணவரைக் கண்டிக்காம அவருக்காக ஜெபிச்சா போதாதா? அகஸ்டின் அதுக்கு ஒரு தனி நூலே எழுதினார். கண்டிக்கவும் வேணும், ஜெபிக்கவும் வேணும்னார்.

நான் ஆப்பில் அந்த நம்பரை மறைச்சு வெச்சுட்டேன். இப்போ வாசிக்கிறதுக்கு முன்னாடி, வாசிக்கணும்கிற ஆசையையும் சேர்த்துக் கேட்கிறேன். போன மாசம் ஒன்பது நாள் விட்டுப்போச்சு.