தண்ணி நண்டுக்குள் இருப்பது என்ன?

கல்குடாப் பக்கம் களப்பு நண்டு வாங்கத் தெரிந்தவர்கள் அதைத் திருப்பிப் போட்டு, அடியோட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். ஓடு நெகிழ்ந்தால் அது தண்ணி நண்டு. தூக்கினால் கனக்கும், ஆனால் கறிக்குச் சதை தேறாது. ஏமாற்றிவிட்டதாக நண்டைத் திட்டுகிறோம். அந்தத் தண்ணியில் பெரும்பங்கு அதன் இரத்தம்தான்.

சிவப்பாக இல்லாததால் அது இரத்தம் என்றே நமக்குத் தோன்றுவதில்லை. நம் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது இரும்பு கொண்ட ஈமோகுளோபின். நண்டில் அந்த வேலையைச் செம்பு கொண்ட ஈமோசயனின் செய்கிறது. ஒட்சிசன் ஏறினால் அது நீலம். இறங்கிவிட்டால் ஏறக்குறைய நிறமே இல்லை. பூச்சிகளும் மூட்டுக்காலிகளே என்றாலும், பெரும்பாலானவற்றில் இந்த நிறமிகூடக் கிடையாது. உடலெங்கும் ஓடும் நுண்ணிய காற்றுக் குழாய்கள் திசுக்களுக்கு நேராக ஒட்சிசனைக் கொண்டு சேர்த்துவிடுகின்றன. நுளம்பை அடித்தால் கையில் ஒட்டும் சிவப்பு நம்முடையது.

நண்டின் இதயம் முதுகோட்டுக்குக் கீழே, இரத்தம் நிறைந்த ஓர் அறைக்குள் தசைநார்களில் கட்டித் தொங்குகிறது. அது சுருங்கும்போது இரத்தம் நாடிகளுக்குள் பாய்கிறது, தசைநார்கள் இழுபடுகின்றன. அவை மீண்டும் சுருங்கி இதயத்தை விரிக்க, சுவரிலுள்ள மூன்று சோடித் துளைகள் திறந்து, சுற்றியுள்ள இரத்தம் உள்ளே நுழைகிறது. இந்தத் துடிப்பைத் தொடக்கி வைப்பது இதயத்தின் மேலிருக்கும் ஒரு சிறு நரம்பு முடிச்சு. அதில் இருப்பவை ஒன்பதே நரம்புக் கலங்கள்!

நாடிகள் கிளைத்துக் கிளைத்து ஓரிடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு, வாய்க்கால் நீர் வரவைக்குள் பரவுவதுபோல, இரத்தம் திசுக்களுக்கு இடையே நேரடியாகப் பரவி, அடியிலுள்ள பள்ளங்களில் சேர்ந்து, பூக்களுக்கு (செவுள்களுக்கு) ஏறுகிறது. அங்கே ஒட்சிசனைப் பெற்றுக்கொண்டு இதய அறைக்குத் திரும்புகிறது. இதைத் திறந்த சுற்றோட்டம் என்பார்கள். மூடிய குழாய்கள் கொண்ட நம்முடையதை விட மட்டமான ஏற்பாடு என்று பாடப்புத்தகம் படிப்பவர்கள் எண்ணிக்கொள்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

இந்த ஏற்பாட்டின் அருமை நண்டு ஓடு கழற்றும்போது தெரியும். கொடுக்கின் பருத்த சதை குறுகிய மூட்டு வழியே வெளியே வர வேண்டுமே! அதற்காகவே முன்கூட்டி அந்தத் தசை மெலிகிறது. நண்டு நீரை உள்ளிழுத்து உடலை உப்பவைக்கிறது. அந்த அழுத்தத்தில் பழைய ஓடு பிளக்கிறது, புது ஓடு பெரிதாக விரிகிறது. ஓடு இறுகும்வரை தசைகளுக்குப் பிடிமானம் தருவதும் உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தம்தான். அமெரிக்க நீல நண்டுகளில் இதை அளந்து 2003இல் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பெரிதான ஓட்டுக்குள் சதை இன்னும் வளர்ந்து நிரம்பாத நிலையே நாம் திட்டும் தண்ணி நண்டு. அதை அடைத்து வைத்துச் சில வாரம் இரை போட்டால் நீர் குறைந்து சதை பிடிக்கும். நண்டு கொழுக்கவைக்கும் தொழிலின் முதலே அதுதான்.

உடல் முழுவதும் இரத்தம் இப்படித் தளும்பினால், ஒரு கால் முறிந்தாலே எல்லாம் வடிந்து போகாதா? வலையிலோ எதிரியிடமோ சிக்கிய காலை நண்டே கழற்றிப் போடும். அடிப்பக்கத்தில் அதற்கென்றே முறியும் கோடு ஒன்று உண்டு. அந்த இடத்தில் குறுக்கே ஒரு சவ்வு இருப்பதால் வாய் உடனே அடைபடுகிறது, மிச்சக் கசிவை இரத்தம் உறைந்து நிறுத்துகிறது. அடுத்த முறை ஓடு கழற்றும்போது அங்கே புதிய கால் ஒன்று, மற்றவற்றை விடச் சிறியதாக, மடங்கிய நிலையிலிருந்து விரியும்.