தனியாளாகக் கடலுக்குப் போகிறவர் கரையில் விட்டுப்போக வேண்டியவை

விளாத்திகுளத்தில் கடல் இல்லை. ஆனால் வேம்பார், பெரியசாமிபுரம், சிப்பிக்குளம், கீழவைப்பார் என அந்தத் தாலுகாவுக்குக் கரை உண்டு. அங்கே வள்ளத்தில் தனியாகப் போன ஒருவர் திரும்பவில்லை என்றால், அவர் மனைவி கடைசியில் வந்து நிற்கும் இடம் விளாத்திகுளம் வட்டாட்சியர் அலுவலகம்தான். வாரிசுச் சான்று வேண்டுமானால் முதலில் இறப்புச் சான்று கேட்பார்கள். உடல் கிடைக்காதவருக்கு அதை எங்கே வாங்குவது?

ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாவிட்டால் ஒருவர் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலில் காணாமல் போனவர்களின் குடும்பங்களை அரசு அவ்வளவு காலம் காக்க வைக்கவில்லை; நிவாரணம் கொடுத்தது. அது பேரிடர். ஒற்றை வள்ளத்துக்காக அப்படி ஓர் ஆணை வரும் என்று நம்பியிருக்க முடியாது. ஆனால் அந்த ஏழாண்டுக் கணக்கு, வேறு சாட்சியம் இல்லாதபோதுதான். எத்தனை மணிக்குக் கிளம்பினார், எந்தப் பக்கம் போனார், அன்று காற்று எப்படி, வள்ளம் எங்கே ஒதுங்கியது என்பதற்கெல்லாம் ஆதாரம் இருந்தால், முன்னதாகவே உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம். நாலு பேர் போன படகில் பிழைத்து வந்தவர் சொல்வார். தனியாகப் போனவருக்காகச் சொல்ல யாருமில்லை. அதனால் வீட்டிலோ பக்கத்து வள்ளக்காரரிடமோ போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போட்டால் இன்னும் நல்லது. அதில் நேரமும் பதிவாகிவிடும்.

இந்தக் கரையில் கச்சான் காற்றை லேசாக நினைக்கக் கூடாது. அது தரையிலிருந்து கடலுக்கு வீசுவது. கரையோரம் தண்ணீர் அலையில்லாமல் கிடக்கும். பாய் விரித்தால் வள்ளம் சுகமாக ஓடும். வெளியே போகப் போகக் காற்று ஏறும். திரும்பும்போது அதே காற்றை எதிர்த்து வர வேண்டும். தனியாள் செய்யும் பெரிய தவறு, வலையை இழுக்கக் கை வேண்டுமென்று பாய்க்கயிறான தாமானை இறுகக் கட்டிவிடுவது. திடீரென்று ஒரு வீச்சு வந்தால் அவிழ்க்க நேரமிருக்காது, வள்ளம் கவிழும். கவிழாமல் ஆள் மட்டும் விழுந்தாலோ, பாய் விரித்த வள்ளம் அவருக்காக நிற்காது. லைஃப் ஜாக்கெட் போடுவதோடு, இடுப்பில் ஒரு கயிறு கட்டி வள்ளத்தோடு பிணைத்துக்கொள்வதும் அவசியம். இரவில் டார்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். விசைப்படகுக்காரர் கண்ணில் சின்ன வள்ளம் படாது.

அந்த விசைப்படகு கரையை ஒட்டிய கடற்பரப்பில் மீன்பிடிக்கவே கூடாது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் அந்தப் பரப்பை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. வலையை அறுத்துவிட்டுப் போனால் படகின் பதிவு எண், நேரம், இடம் மூன்றையும் குறித்து மீன்வளத் துறையில் எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்ச் சண்டையோடு விட்டால் இழப்பீடு கேட்க எதுவும் மிஞ்சாது. இந்தப் பக்கக் கடலில் உள்ள நல்லதண்ணி, உப்புத்தண்ணி தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அனுமதியின்றி இறங்கக் கூடாது. உயிர் பிழைக்க ஒதுங்க நேர்ந்தால் உடனே தகவல் சொல்லிவிடுங்கள். கடல் அட்டை பிடிக்கத் தடை உண்டு; வலையில் ஏறினால் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

2018 செப்டம்பரில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் தனியாகப் பாய்மரப் படகோட்டிய கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் பாய்மரம் புயலில் முறிந்தது. முதுகு அடிபட்டு எழ முடியாமல் கிடந்தவரை மூன்றாம் நாள் ஒரு பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. அவர் கிடந்த இடம் செயற்கைக்கோள் கருவிகளால் தெரிந்திருந்தது. நம் வள்ளங்களில் பெரும்பாலும் ஒரு செல்போன்தான், அதுவும் சிக்னல் இருக்கும் வரை. அதை நீர் புகாத உறையில் போடுங்கள். கடலோரக் காவல்படை மீட்பு எண் 1554. கடலோரக் காவல் துறைக்கு 1093.

சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் கரையில் இருப்பவர் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே அந்த எண்களை அழைத்துவிட்டு, காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ள மீனவருக்கு விபத்துக் காப்பீடு உண்டு. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. விபத்தில் இறந்தாலோ முழுமையாக நிரந்தர ஊனமுற்றாலோ 5 லட்சம் ரூபாய். காப்பீட்டுப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று கிளம்புகிறவரே மீன்வளத் துறை அலுவலகத்தில் பார்த்துவிட வேண்டும். கோரிக்கை இழுபட்டால் இலவசச் சட்ட உதவிக்கு 15100.