கட்டிலருகே எழும் புகை

எண்ணூரிலிருந்து வரும் நோயாளிகளிடம் வீட்டுப் புகையைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான் திரும்பி வருகிறது. "வெளியே இத்தனை புகைபோக்கி நிக்குது டாக்டர், வீட்டுல ஒரு கொசுவத்தியை அணைச்சா என்ன ஆயிடப் போகுது?" கேள்வியில் நியாயம் உண்டு. வடக்கே அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல் மின் நிலையங்கள்; தென்மேற்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும்; இடையே இரவு பகலாகத் துறைமுகத்துக்கு ஊர்ந்து செல்லும் கண்டெய்னர் லாரிகள். இவற்றின் நடுவே வாழ்பவரிடம் ஊதுவத்தியைக் குறை சொன்னால் எரிச்சல் வருவது இயல்பு. ஆயினும் அக்கேள்விக்கு விடை உண்டு. புறநோயாளிப் பிரிவின் ஐந்து நிமிடத்தில் அதைச் சொல்லி முடிக்க இயலுவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறோம்.

அடுப்புப் புகையை ஆராய்வதில் முன்னோடியாக இருந்தவர் அமெரிக்க அறிவியலாளர் கிர்க் ஸ்மித். 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் சமையல் செய்யும் பெண்கள் சுவாசிக்கும் புகையை அளந்தவர். வீட்டுக்குள் வெளியாகும் ஒரு கிராம் மாசு மனித நுரையீரலை அடையும் வாய்ப்பு, வெளியே வெளியாகும் ஒரு கிராமைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு என்பது அவர் வகுத்த விதி. காரணம் எளிது. உயர்ந்த புகைபோக்கியின் புகை காற்றில் பரந்து நீர்த்துப்போகிறது. அதன் பெரும்பகுதி எவர் மூக்கையும் எட்டுவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் எழும் புகைக்குப் போக்கிடம் இல்லை. மின்விசிறி அதைச் சுழற்றுமே அன்றி வெளியேற்றாது. ஆயிரம் என்பது துல்லியக் கணக்கன்று. வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதைக் காட்டும் எண்.

இவ்விதியை ஆலைகளுக்கு வழங்கிய நற்சான்றிதழாக எவரும் கொள்ள வேண்டா. அவை வெளியிடுவது கிராமில் அன்று, டன் கணக்கில். அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் நோயாளிகளும் அல்லர். ஆனால் அந்தப் புகைபோக்கியை இன்றிரவு நாம் அணைக்க முடியாது. கட்டிலுக்கு மூன்றடி தொலைவில் எரிவதை அணைக்க முடியும்.

ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணியை நினைத்துக்கொள்கிறோம். வாழ்நாளில் பீடியோ சிகரெட்டோ தொட்டவரல்லர். ஆனால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். ஒரே குளிர்காலத்தில் மூன்று முறை மூச்சுத்திணறலுடன் அவசரப் பிரிவுக்கு வந்தார். மூன்று முறையும் விடியற்காலை நான்கு மணியை ஒட்டி. மருந்தை மாற்றுவதா, அளவைக் கூட்டுவதா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, உடன் வந்த மகள்தான் இரவில் அறை எப்படியிருக்கும் என்பதைச் சொன்னார். கொசுவுக்குப் பயந்து சன்னல்கள் அடைப்பு, கட்டிலுக்கடியில் சுருள், அது எரிந்து தீர்வதற்குள் பொழுது விடிந்துவிடும்.

ஒரு கொசுவத்திச் சுருள் முழுமையாக எரியும்போது வெளியாகும் நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு இணையானது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இங்கே நுண்துகள் என்பது 2.5 மைக்ரானுக்கும் சிறியது. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் அதைத் தடுப்பதில்லை, காற்றுப்பைகள்வரை செல்கிறது. 'புகை குறைந்த' சுருள்களில் துகள் குறைந்தாலும் கார்பன் மோனாக்சைடு குறைவதில்லை. அந்தப் பெண்மணிக்கு நாங்கள் புதிதாக எழுதிக்கொடுத்தது ஒரு கொசுவலை மட்டுமே. அதன்பின் விடியற்காலையில் அவரை நாங்கள் காணவில்லை. மாதாந்திரப் பரிசோதனைக்குத்தான் வருகிறார். ஒருவர் நிலை எல்லோருக்கும் சான்றாகாது என்பதை அறிவோம். எனினும் வலைக்கும் சன்னல் கம்பிவலைக்கும் ஆகும் செலவு, ஒருநாள் உள்நோயாளிச் செலவைவிடக் குறைவு.

சாம்பிராணியைப் பற்றிச் சொன்னால் பாட்டிமார் எங்களைக் கோபித்துக்கொள்வர். தலைக்கு ஊற்றிய கைக்குழந்தையைப் புகையில் காட்டுவது தலைமுறைகளின் வழக்கம். ஈரம் உலர மெல்லிய துண்டு போதும். வீட்டில் இளைப்பு உள்ள குழந்தை இருந்தால், இந்த ஒன்றில் நாங்கள் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பூசை அறையில் சாம்பிராணி போட வேண்டுமெனில், சன்னலைத் திறந்து, குழந்தையை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டுப் போடலாம். பீடி, சிகரெட்டைப் பொறுத்தவரை, வாசலில் நின்று பிடித்தாலும் சட்டையிலும் விரல்களிலும் ஒட்டிய நச்சு உள்ளே வருகிறது. விட நினைப்பவர் எங்களிடம் வரலாம்; திட்டமாட்டோம்.

வெந்நீருக்காக மட்டும் பின்புறம் விறகடுப்பு வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. தமிழகத்தில் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளையும் சேர்த்து நான்கு நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், விறகிலிருந்து எரிவாயுவுக்கு மாறிய கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. குழந்தைகளின் பிறப்பு எடை மட்டும் எதிர்பார்த்தபடி கூடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்காக அடுப்பங்கரைப் புகை தீங்கற்றது என்று பொருளாகிவிடாது.

இனி, எழுந்துவிட்ட புகையை எப்படி வெளியேற்றுவது? எண்ணூரில் இதற்குக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுகிறது. கிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்று ஆலைகளைக் கடந்து வருவதன்று. கிழக்குச் சன்னலையும் எதிர்ப்புறக் கதவையும் ஒருசேரத் திறக்க உகந்த நேரம் அதுவே. ஒரு சன்னலை மட்டும் திறந்தால் காற்று உள்ளே வரத் தயங்கும். போக வழி இருந்தால்தான் வரும். இரவில் காற்று திரும்பி நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. மார்கழி, தை விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, லாரிப் புகையையும் குப்பை எரிக்கும் புகையையும் தெருமட்டத்திலேயே பிடித்துவைக்கிறது. அந்நேரத்தில் சன்னலைத் திறந்து 'நல்ல காற்று' வாங்குவதும், முதியவர்கள் நடைப்பயிற்சிக்குக் கிளம்புவதும் வேண்டா. வெயில் ஏறட்டும்.

சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தும் மீன் வறுத்த நெடி கூடம்வரை வருகிறதே என்பர். வெளியேற்றும் விசிறிக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வர ஒரு வழி வேண்டும். அடுப்புக்கு எதிர்ப்புறச் சன்னலைச் சிறிது திறந்து, கூடத்துக்கான கதவைச் சாத்தி, அடுப்பை ஏற்றுமுன்பே விசிறியைப் போடுங்கள். சமைத்து முடித்த பின்னும் கால் மணி நேரம் ஓடட்டும். இறக்கைகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் இழுவை குறையும். எக்ஸாஸ்ட் இல்லாத ஒற்றையறை வீட்டில், மேசை விசிறியைச் சன்னலை நோக்கி வெளிப்புறம் பார்க்க வைத்தாலே பாதி வேலை முடிந்தது. சன்னலோரம் படியும் சாம்பல் தூசைத் துடைப்பத்தால் பெருக்கினால் மீண்டும் காற்றில் ஏறும். ஈரத்துணியால் துடைப்பதே சரி.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா? வசதியுள்ளவர் வாங்கலாம், நோயாளி உறங்கும் அறைக்கு மட்டும் போதும். ஹெப்பா வடிகட்டி உள்ளதா என்று பாருங்கள். பெட்டியில் சி.ஏ.டி.ஆர். என்றோர் எண் அச்சிட்டிருப்பார்கள். மணிக்கு எத்தனை கனமீட்டர் தூய காற்று தரும் என்பது அது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில், கூரை பத்தடி உயரமெனில், 34 கனமீட்டர் காற்று இருக்கும். மணிக்கு ஐந்து முறை அதை வடிகட்ட 170 வேண்டும். ஓசோன் வெளியிடும் கருவிகளைத் தவிர்த்துவிடுங்கள். ஓசோன் நுரையீரலைப் புண்படுத்தும். எந்த வடிகட்டியும் கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. ஆகவே மூடிய அறையில் கரியடுப்பு கூடவே கூடாது. அந்நஞ்சேறிய நிலையிலும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி சரியான எண்ணையே காட்டி நம்மை ஏமாற்றும். தொட்டிச் செடிகள் அழகுக்கு நல்லவை. காற்றைச் சுத்தம் செய்ய வேண்டுமெனில், சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் தேவைப்படும் என்று 2019இல் வெளியான ஒரு மறுபார்வை கண்டது. வாசனைத் தெளிப்பான் புகையை எடுப்பதில்லை. தன் பங்குக்கும் சேர்க்கிறது.

ஒரு விதிவிலக்கு. 2023 டிசம்பர் 26 இரவு, கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். ஐம்பது பேருக்கு மேல் சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டனர். அமோனியா நீரில் எளிதில் கரையும் என்பதால் மூக்கில் வைத்த ஈரத்துணி அப்போது ஓரளவு உதவும். அதே ஈரத்துணி புகையின் நுண்துகளைத் தடுக்காது. அதற்கு என்-95 முகக்கவசமே வேண்டும். வாயுக் கசிவில் சன்னலைப் பற்றி யோசிக்க நேரமில்லை. காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும்.

போகி வருகிறது. 2018 போகியன்று புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போனது பலருக்கு நினைவிருக்கும். இளைப்பு நோயுள்ளவர் வீட்டில் முந்தைய இரவே சன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் துணி செருகி, நீலநிற இன்ஹேலரைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் மருந்து மீதமிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அன்றாட இன்ஹேலரை ஒருநாளும் நிறுத்த வேண்டா. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். வரும்போது பயன்படுத்தும் மருந்துகளைப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். சீட்டு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.