கூடையில் வந்த குழந்தை

பாரிஸில் ஒரு பெரிய வீடு. பியர், மிஷேல், ஜாக் என்று கல்யாணமாகாத மூன்று நண்பர்கள் அதில் குடியிருக்கிறார்கள். ஒரு நாள் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு கூடை, உள்ளே பச்சைக் குழந்தை. ஜாக்கின் பழைய காதலி விட்டுச் சென்ற மகள் அவள், பெயர் மரி. விமானப் பணியாளனான ஜாக்கோ ஊரிலேயே இல்லை. பால்மாவு வாங்க மருந்துக்கடைக்கு ஓடுகிறான் பியர். எந்த வயதுக் குழந்தைக்கு, எந்த மாவு, எந்த ரப்பர் காம்பு என்று கடைக்காரம்மா கேட்கக் கேட்க, ஒன்றுக்கும் பதில் தெரியாமல் விழிக்கிறான்.

கொலின் செரோ என்ற பெண் இயக்குநர் எடுத்த 'மூன்று ஆண்களும் ஒரு கூடையும்' என்ற இந்தப் பிரெஞ்சு நகைச்சுவைப் படம் 1985-இல் வந்தது. பிரான்சில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமான டிக்கெட்டுகள் விற்றன. 1987-இல் ஹாலிவுட் அதை மீண்டும் எடுத்தது. மலையாளத்தில் 'தூவல்ஸ்பர்சம்', அதன் வழியே தமிழில் 'தாயம்மா' என்று கதை நம் ஊர் வரை வந்து சேர்ந்தது.

முதல் பாதியில் அந்த ஆண்களின் தடுமாற்றத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். பிறகு சிரிப்பு மெல்ல அடங்குகிறது. தாய் திரும்பி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனதும், கேட்ட நிம்மதி கிடைத்தும் மூவருக்கும் எதிலும் மனம் ஒட்டவில்லை. வேண்டாமல் வந்த குழந்தை சில மாதங்களில் ஓர் ஆணை இப்படி மாற்றிவிடுமா? மாற்றும் என்கிறது அறிவியல். அதுவும் மனத்தை மட்டுமல்ல, உடம்பையே மாற்றும்.

முதலில் காது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குளிப்பாட்டும்போது குழந்தைகள் வீறிட்டு அழுவதைப் பிரான்சிலும் காங்கோவிலும் பதிவுசெய்து, பெற்றோருக்குப் போட்டுக் காட்டினார்கள். பல குழந்தைகளின் குரல்களுக்கு நடுவே தன் பிள்ளையின் குரல் எது என்று சொல்ல வேண்டும். தாய்க்குத்தான் அது தெரியும் என்பது நெடுநாள் நம்பிக்கை. தினமும் நான்கு மணி நேரமாவது குழந்தையோடு இருந்த தகப்பன்களும் தாய்மார்களுக்குச் சமமாகச் சரியாகச் சொன்னார்கள். பத்துக்கு ஒன்பது முறை. அதைவிடக் குறைவான நேரம் இருந்தவர்களுக்குத்தான் தவறு கூடியது.

அடுத்தது ரத்தத்தில் ஓடும் சுரப்புகள். பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 இளைஞர்களை நான்கரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011-இல் வெளியானது. இடையில் கல்யாணமாகித் தகப்பனானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவு காலையில் 26 சதவீதமும் மாலையில் 34 சதவீதமும் குறைந்திருந்தது. கல்யாணமும் ஆகாமல் தகப்பனும் ஆகாமல் இருந்தவர்களுக்கு ஏற்பட்ட குறைவு இதில் பாதி அளவுகூட இல்லை. தினமும் மூன்று மணி நேரமாவது பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களிடம் அளவு இன்னும் தாழ்ந்திருந்தது. இதை ஆண்மைக் குறைவு என்று யாரும் பயப்பட வேண்டாம். தொடக்கத்தில் டெஸ்டோஸ்டிரோன் அதிகமாக இருந்தவர்களே பின்னாளில் தகப்பனாகும் வாய்ப்பும் அதிகம் பெற்றிருந்தார்கள். துணை தேடும் வயதில் ஓங்கி நின்ற சுரப்பு, கைக்குழந்தை வந்ததும் தானே தணிகிறது.

மூன்றாவது, மூளை. இதுதான் பெரிய ஆச்சரியம். இஸ்ரேலைச் சேர்ந்த ரூத் ஃபெல்ட்மனின் குழு, 2014-இல் வெளியான ஆய்வுக்காக 89 பெற்றோரின் மூளையை ஸ்கேன் செய்தது. அவர்களில் 48 பேர், தாயின் துணையே இல்லாமல் குழந்தை வளர்க்கும் ஆண்கள். பிள்ளையின் வீடியோவைப் பார்க்கும்போது தாய்மாரின் மூளையில் அமிக்டலா என்ற பகுதி மிகுந்த விழிப்போடு இயங்கியது. நடு இரவில் சின்ன முனகலுக்கே எழுப்பிவிடும் பகுதி அது. முழுப் பொறுப்பையும் சுமந்த ஆண்களிடமும் அது தாய்மார் அளவுக்கே இயங்கியது. மனைவிக்கு ஒத்தாசையாக மட்டும் இருந்த தகப்பன்களிடம் அவ்வளவு இல்லை. பிறர் மனத்தைப் படிக்க உதவும் இன்னொரு பகுதி காதுக்கு மேலே, மூளையின் பக்கவாட்டில் இருக்கிறது. குழந்தையோடு செலவிட்ட நேரம் கூடக்கூட, தகப்பன்களிடம் இந்த இரண்டு பகுதிகளுக்கும் இடையிலான தொடர்பும் பலப்பட்டிருந்தது.

புட்டிப்பாலில் ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்க்கும் ஆணை நினைத்துப் பாருங்கள். தோளில் கிடத்தி, முதுகைத் தட்டி, ஏப்பம் வரும்வரை இருட்டில் நடக்கிறான். அவனுக்குப் பிரசவ வலி இல்லை, பால் சுரக்கவில்லை. ஆனாலும் அந்த நடை ஒவ்வொன்றும் அவன் மூளைக்குள் ஒரு பாதை போட்டுக்கொண்டிருக்கிறது. பியருக்கும் மிஷேலுக்கும் மரி ரத்த உறவுகூட இல்லை. வளர்த்த கை மட்டுமே அவர்களைத் தகப்பன்களாக்கியது.

குழந்தை அழுதவுடன் "அம்மாகிட்ட கொடுத்துடு" என்று தகப்பன் கையிலிருந்து வாங்கிக்கொள்வது நம் வீடுகளில் வழக்கம். ஆணுக்கு இதெல்லாம் வராது என்பதே அதற்குச் சொல்லும் காரணம். பழகினால் வரும். அடுத்த முறை பிள்ளை அழும்போது, கொஞ்ச நேரம் அவர் கையிலேயே விட்டுவையுங்கள்.