கீதையின் சுலோகங்களில் குடியேறிகளின் போராட்டம்: 'சத்யாகிரகா' ஓபரா உருவான விதம்

குருக்ஷேத்திரத்தில் இரு படைகளுக்கு நடுவே அர்ஜுனனும் கிருஷ்ணனும் நிற்கின்றனர். அவர்களுடன், தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராகப் பணியாற்றிய இளம் காந்தியும் நிற்கிறார். அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸின் 'சத்யாகிரகா' ஓபரா இவ்வாறுதான் தொடங்குகிறது. 1980 செப்டம்பரில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் அரங்கேறிய இந்தப் படைப்பு, 2008-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா மேடையையும் எட்டியது.

இதன் கதைக்களம் புலம்பெயர்ந்த இந்தியர்களின் வாழ்க்கை. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்காக நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கொண்டு செல்லப்பட்டனர். முதல் கப்பலே சென்னையில் இருந்துதான் புறப்பட்டது. ஒப்பந்தம் முடிந்தும் நாடு திரும்பாமல் தங்குவோர் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி செலுத்த வேண்டும் என்று 1895-இல் சட்டம் வந்தது. தொடக்கத்தில் மாதக் கூலி 10 ஷில்லிங் என்பதால், அது ஆறு மாத ஊதியத்துக்குச் சமம். உழைப்பு வேண்டும், உழைப்பவர் குடியிருக்கக் கூடாது என்பதே அச்சட்டத்தின் பொருள்.

இந்த வரலாற்றைச் சொல்ல கிளாஸும் நூலாக்கத்தில் அவருடன் பணியாற்றிய கான்ஸ்டன்ஸ் டிஜாங்கும் மேற்கொண்ட வழி விசித்திரமானது. பாத்திரங்களுக்கு உரையாடலே கிடையாது. பாடப்படும் அனைத்தும் பகவத் கீதையிலிருந்து எடுக்கப்பட்ட சம்ஸ்கிருத வரிகள். மேடையில் நடப்பது ஒன்று, காதில் விழுவது வேறொன்று. இரண்டையும் இணைப்பது பார்வையாளரின் வேலை.

1897 ஜனவரியில் டர்பனில் கப்பலிலிருந்து இறங்கிய காந்தியை வெள்ளையர் கும்பல் தாக்கியது. காவல்துறைக் கண்காணிப்பாளரின் மனைவி அலெக்சாண்டர் குடையை விரித்துத் தடுத்து அவரைக் காப்பாற்றினார். இக்காட்சியில் ஒலிப்பது, அசுர இயல்பினரைப் பற்றிய கீதையின் 16-ஆவது அத்தியாயம். பொருளும் பலமும் தமக்கே உரியவை என்று செருக்குபவரின் மனநிலையைச் சொல்லும் சுலோகங்கள், குடியேறிகளை விரட்டும் கூட்டத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. 1908-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பதிவுச் சான்றிதழ்களை எரித்த காட்சிக்கோ, எவ்வுயிரிடத்தும் பகை கொள்ளாதவனைப் போற்றும் 12-ஆவது அத்தியாயம். எதிர்ப்பின் உச்சத்தில் வெறுப்பின்மையை ஒலிக்கச் செய்த இந்தத் தேர்வே ஓபராவின் ஆகச் சிறந்த முடிவு எனலாம்.

ஆனால் இம்முறைக்கு ஒரு விலையும் உண்டு. 1913-இல் டிரான்ஸ்வாலிலிருந்து நியூகாசிலுக்குச் சென்று, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்த பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவ்வாண்டு நவம்பரில் காந்தியுடன் எல்லை கடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். அனுமதியின்றி மாகாண எல்லையைத் தாண்டுவதே குற்றம் என்பதால், அந்த நடைப்பயணமே சட்டமறுப்பானது. போராட்டத்தில் சிறைசென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிரிழந்தார். சில மாதங்களில் 3 பவுண்டு வரி நீக்கப்பட்டது.

இத்தனை பேருடைய அன்றாடப் பேச்சில் ஒரு சொல்லும் ஓபராவில் இல்லை. திருமதி நாயுடு என்ற பாத்திரம் உண்டு. அவரும் சம்ஸ்கிருதத்திலேயே பாடுகிறார். கூலித் தொழிலாளர்களின் தமிழோ, தெலுங்கோ, போஜ்புரியோ ஒலிக்கவில்லை. காந்தியே அங்கு தமிழ் கற்க முயன்றவர் என்பதை நினைத்தால் இக்குறை சற்று உறுத்துகிறது. குழுப்பாடல்களில் திரளும் குரல்களின் பெருக்குதான் அதை ஓரளவு ஈடுசெய்கிறது.

மூன்றாம் அங்கம் முழுவதும் நியூகாசில் நடைப்பயணமே. அதன் முடிவில் காந்தி தனித்து நின்று, அறம் தளரும்போதெல்லாம் பிறப்பெடுப்பதாகக் கிருஷ்ணன் கூறும் நான்காம் அத்தியாய வரிகளைப் பாடுகிறார். எட்டே சுரங்களில் மேலேறும் ஒரே மெட்டு, 30 முறை திரும்பத் திரும்ப வருகிறது. மேலே, அவருக்கு முதுகைக் காட்டியபடி மார்ட்டின் லூதர் கிங் நிற்கிறார், அவர் பாடுவதில்லை.